பதினேழாம் கட்டத்தில் ஒரு ‘லாம்’

எங்கள் கொள்முதல் பிரிவில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பயம்தான் உண்டு. அரசு மருத்துவமனைக்குக் கட்டில், மெத்தை, சக்கர நாற்காலி என்று பதினோரு வருடமாக டெண்டர் போட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். என் மேசைக்கு வந்து முகம் தொங்கித் திரும்பியவர்களை வரிசையாக நிறுத்தினால் பேருந்து நிறுத்தம் வரை நிற்பார்கள். அவர்களை விரட்டியது நானில்லை, சரிபார்ப்புப் பட்டியல்தான் என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவள் நான்.

அந்தப் பட்டியலில் இருபத்திரண்டு கட்டங்கள். ஒரே ஒரு கட்டத்தில் டிக் விழாவிட்டாலும் விண்ணப்பம் தள்ளுபடி. போன தடவை நாற்காலி கொடுத்த கம்பெனிக்கு இருபத்திரண்டிலும் டிக் விழுந்தது. அந்த நாற்காலிகளில் ஒரு முன்சக்கரம் வார்டுக்குப் போனால் இன்னொன்று கழிவறைக்குப் போகும்.

இந்த முறை விண்ணப்பித்தவர்களில் ஒரு வெல்டிங்காரப் பெண்மணியும் இருந்தார். நாற்பது வயதிருக்கும், முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட புள்ளிகள். அவர் மாதிரிக்குச் செய்து தந்த நாற்காலி எங்கள் வராந்தாவில் நின்றது. தள்ளினால் சத்தமே இல்லாமல் போகும். ஆனால் பதினேழாம் கட்டத்தில் உதை வாங்கிவிட்டார். மூன்று வருட அனுபவச் சான்று வேண்டும். அவர் சொந்தமாக ஷெட் போட்டு ஒன்றரை வருடம்தான். அதற்கு முன் பதினாலு வருடம் இன்னொருவர் பட்டறையில் வேலை செய்தது கணக்கில் வராது. தள்ளுபடிக் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். நாலு மணிக்குத் தபாலில் போக வேண்டியது.

பகல் இரண்டு மணிக்கு அவரே வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை, கெஞ்சவும் இல்லை.

“இது போச்சுன்னா ஷெட்ட மூடிட்டு பழைய முதலாளிகிட்டயே கூலிக்குப் போகணும் மேடம். போட்டியில தோத்தா பரவால்ல. உள்ளயே விட மாட்டேங்கறீங்க பாருங்க, அது எந்த விதியில இருக்குன்னு மட்டும் காட்டுங்க.”

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பதினோரு வருடத்தில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. கேள்வி கேட்கிற வாயை அடைக்கத்தான் அலமாரியைத் திறந்தேன், வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை. விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். எடை தாங்கும் சோதனை இருந்தது, கடைசித் தேதி இருந்தது. அனுபவச் சான்று இல்லை. அடுத்திருந்த மெல்லிய வழிகாட்டிப் புத்தகத்தில்தான் அகப்பட்டது.

‘தேவையெனில் முன் அனுபவச் சான்று கேட்கலாம். மாதிரியைச் சோதித்தும் தரத்தை உறுதி செய்துகொள்ளலாம்.’

கேட்கலாம். மூன்று முறை படித்தேன். நாங்கள் வெளியிட்ட டெண்டர் அறிவிப்பை எடுத்துப் பார்த்தேன். அதிலும் ‘சான்று இணைக்கலாம்’ என்றுதான் இருந்தது. பட்டியலில் மட்டும் ‘வேண்டும்’. எந்தப் புண்ணியவான் செய்த வேலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு பட்டியலின் மூலப்பிரதியைத் தேடி எடுத்தேன். அடியில் தட்டச்சு செய்தவரின் கையெழுத்து. என் கையெழுத்து.

ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிது. எல்லா வரியும் ‘வேண்டும்’ என்று முடிந்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று ஒரு ‘லாம்’மைத் தூக்கிவிட்டிருக்கிறேன். பேருந்து நிறுத்தம் வரை நின்றவர்களில் பாதிப்பேர் அந்த ஒரு சொல்லால் நின்றவர்கள். வெட்கமாக இருந்தது.

புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனேன். முத்திரை சார் என்று நாங்கள் கூப்பிடுவோம். முத்திரை குத்துவதில் அவருக்கு இருக்கிற சுறுசுறுப்பு கையெழுத்துப் போடுவதில் இருக்காது. பதினோரு வருடமாகத் தணிக்கையே கேட்காததை நீ ஏன் கிளறுகிறாய் என்றார். கடிதத்தை அனுப்பிவிட்டு அடுத்த டெண்டரில் திருத்திக்கொள்ளலாம் என்றார். நான் நகரவில்லை. கடைசியில் மனதில் இருந்ததைச் சொன்னார்.

“‘வேணும்’னு இருந்தா விதி பதில் சொல்லிக்கும்மா. ‘லாம்’னு இருந்தா நாமதான பதில் சொல்லணும்.”

“அதுக்குத்தான சார் இந்த நாற்காலியில மனுஷங்கள உக்கார வெச்சிருக்காங்க.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொண்டார். எடைச் சோதனையை இந்தப் பெண்மணி முடித்திருக்கிறாரா என்று கேட்டார். முடித்திருக்கிறார், அது விதியில் இருப்பது, அவர் என் சொந்த அக்காவாகவே இருந்தாலும் அதில் விட முடியாது என்றேன். அப்படியானால் இந்த டெண்டரில் அதே பதினேழாம் கட்டத்தில் தள்ளிய இன்னொருவரையும் உள்ளே எடுக்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் கதவைத் திறந்தால் அது சலுகை என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. மனிதருக்கு விஷயம் தெரியாமலில்லை.

அனுபவச் சான்றுக்குப் பதில் எல்லோருடைய மாதிரியையும் வார்டிலேயே வைத்துச் சோதிப்பது, அதற்கான காரணம் இன்னது என்று குறிப்பு எழுதினேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டார். முத்திரையைத் தேடவே இல்லை. தள்ளுபடிக் கடிதங்கள் இரண்டையும் கிழித்தேன்.

வராந்தாவில் அந்தப் பெண்மணி தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். தப்பு பட்டியலில்தான் இருந்தது, அந்தப் பட்டியலை எழுதியது நான்தான் என்று சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னால்தான் சரி என்று பட்டது. போட்டியில் இப்போது நாலு பேர், அடுத்த வாரம் சோதனை என்றும் சொன்னேன்.

“அப்போ எனக்குக் கெடச்சிடுமா மேடம்?”

“கிடைக்கலாம்.”

அவர் அந்தச் சொல்லை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, பூட்டிவிட்டு வந்த ஷெட்டைத் திறக்க வேண்டும் என்று படியிறங்கிப் போனார்.