கொழுந்து மூட்டை மேல்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் பவளத்துக்கு லோரி என்றாலே குலை நடுங்கும். இரண்டு வருஷத்துக்கு முன் மழையில் அவள் ஏறியிருந்த கொழுந்து லோரி வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. யார் உயிருக்கும் ஒன்றுமில்லை. அவளுக்குக் கைதான் முறிந்தது. கை கூடிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து வேன், காடி என்று எந்த வண்டியிலும் அவள் ஏறவில்லை. ஈப்போவில் மகள் துளசிக்குத் தலைப்பிரசவம், இந்த வாரமோ அடுத்த வாரமோ. பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் என்ன பிரசவம்? நடந்தா போக முடியும் அந்த மலைப்பாதையில்?

கம்போங் ராஜா டவுனுக்கு வாரம் ஒருமுறை வரும் தனுஜா மனவசிய வைத்தியம் செய்கிறவள். அவளிடம் நடந்தே போய்ச் சேர்ந்தாள் பவளம். தனுஜா கண்ணை மூடச் சொல்லி, குழைந்த குரலில் ஆரம்பித்தாள்: நீங்கள் தேயிலை மலையில் நிற்கிறீர்கள், பனி இறங்குகிறது, எங்கும் பச்சை, எங்கும் அமைதி.

அமைதியாமே! சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியது அது. பவளத்தின் இரு கைகளும் இல்லாத கத்தரியைப் பிடித்து மடியில் கொழுந்து வெட்டத் தொடங்கின. மூட்டை நிறையவில்லையே என்று முணுமுணுத்தாள். தனுஜா தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள்.

“சரிக்கா, தேயிலைய விடுவோம். உங்க உடம்பு எங்க ரொம்ப லேசா இருந்துச்சு?”

பவளம் எங்கோ தொலைவிலிருந்து பேசுவதுபோலச் சொன்னாள்: “கொழுந்து மூட்டை மேல. வேலை முடிஞ்சு லோரில ஏறி அதுல சாஞ்சா, மெத்தைலா. கதகதன்னு இருக்கும். பச்ச வாசம். லைன் வீடு வர்ற வரைக்கும் தூங்கிடுவேன்.”

சொன்ன பிறகுதான், மூடிய கண்ணுக்குள் தான் லோரியில் இருப்பது அவளுக்கே உறைத்தது. கண்ணைத் திறக்கப் போனாள். இறங்க வேண்டுமா என்று தனுஜா மெல்லக் கேட்டாள். பவளம் இறங்கவில்லை. லோரி ஆடி ஆடிப் பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது. கண்ணோரம் நீர் வழிந்தது. அந்தத் தூக்கத்தையல்லவா இரண்டு வருஷமாகத் தொலைத்திருந்தாள், பாவி.

செவ்வாய்க்கிழமை காலை, துளசிக்கு வலி கண்டுவிட்டதென்று போன் வந்தது. அரைச் சாக்குப் பச்சைக் கொழுந்தை மடியில் அணைத்துக்கொண்டு பவளம் வேனில் ஏறினாள். வைத்தியம் பலித்துவிட்டதென்று யார் சொன்னது? முதல் வளைவிலேயே நிறுத்தச் சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சாக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றபோது, மருமகன் விஜயன் நாலு முறை கூப்பிட வேண்டியிருந்தது. நிமிர்ந்தவளின் கன்னத்தில் சாக்கின் வரிகள் பதிந்திருந்தன.

“பயமா இல்லையா அத்தை?”

“இருந்துச்சு. நான் தூங்கிட்டேன்லா,” என்றாள் பவளம். “துளசி எங்க?”