வஞ்சிரத்தின் செவுள்

நானும் என் மனைவி காந்தாவும் தாம்பரம் சந்தையில் மீன் விற்கிறவர்கள். 2006-இல் பெங்களூர் போனபோது, லால்பாக் பூங்கா பார்க்கக் கேட்டவளை அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன்.

"பொம்ம காட்டவாய்யா இட்டாந்த? கெடைச்சது ஒரு நாளு, அதுவும் வேஸ்ட்டு!"

ஊர் திரும்பும்வரை இதே பாட்டுதான் என்று பயந்தேன்.

கடல் கூடத்தில் ஆளுயர ரப்பர் வஞ்சிரம் ஒன்று இருந்தது. சந்தைப் பழக்கத்தில் காந்தா விரலை விட்டுச் செவுளைத் தூக்கிவிட்டாள். காவலாளி ஓடிவந்தார்.

"தொடக்கூடாதும்மா!"

"சார், உள்ள பாரு! புது மீனாட்டம் செவப்பு பெயிண்ட் அடிச்சிகீறான். எவன் தூக்கிப் பாக்கப் போறான்? அப்பவும் அடிச்சிகீறான் பாரேன்!"

அவரும் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

மாலையில் நான்தான் கேட்டேன், "லால்பாக் போலாமா?"

"இரு, மேல் மாடி இன்னும் பாக்கல."