முதுகுப் பக்கத்துக் கட்டில்

“மறுபடியும் அதேதான்டா,” என்றாள் பெரியவள். கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கறுப்புத் திரையின் கடைசி வரியைப் படித்தாள். “டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் ஃபெயில்ட்.”

“அப்படின்னா ரெண்டு பக்கமும் கை குலுக்க மாட்டேங்குது,” என்றான் தம்பி. “கேபிளை ஒருதடவை புடுங்கிச் சொருகிப் பாரு.”

“சொருகிட்டேன். சம்பந்திங்க மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கிதுங்க.”

அவன் சிரித்தான். பிறகு, “அம்மா எப்படி இருக்காங்க?” என்றான்.

“மூச்சு விட்டு விட்டு வருது. நீ அடுத்தது சொல்லு.”

அம்மாவின் கட்டில் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் வேண்டும் என்று அம்மா கேட்டதால், நேற்றுதான் அவளும் அப்பாவும் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் மேசையை எதிர்ச்சுவருக்கு நகர்த்தியிருந்தார்கள். காலையில் வந்த டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டே, “இன்னிக்கு யாரும் வெளிய போகாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அம்மா, “சின்னவன் முகத்தக் காட்டு” என்றாள். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

சின்னவன் வேலை பார்ப்பது கடல் தாண்டி ஒரு சுரங்க முகாமில். வாரத்துக்கு ஒரு விமானம். அது நேற்றே கிளம்பிவிட்டது. அங்கே வீடியோ அழைப்பு எல்லாம் முடக்கம். கம்பெனியின் சொந்த வலைக்குள் மட்டும் முகம் பார்த்துப் பேசலாம். வெளியிலிருந்து அதற்குள் நுழைய விபிஎன் என்ற தனிப்பாதை வேண்டும். விஷயத்தைக் கேட்ட மேலாளர் விதிகளை ஓரமாக வைத்துவிட்டு, இன்று ஒருநாளைக்கு அவன் வீட்டுக்கென்று ஓர் அனுமதிக் கோப்பு போட்டுக் கொடுத்திருந்தார். வீட்டில் இருந்ததோ, வைரஸ் அண்டாது என்று அவனே லினக்ஸ் போட்டுவிட்டுப் போன பழைய பெட்டி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அவளுக்கு அதில் பாட்டு கேட்கத் தெரியும், அவ்வளவுதான்.

“ஃபயர்வால் வழிய மறிக்குதோ என்னவோ, அத நிறுத்திப் பாப்போம்,” என்றான் தம்பி. அவன் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவள் அடித்தாள். அதே வரி வந்து நின்றது.

“ஏம்மா, கொஞ்ச நேரம் வந்து பக்கத்துல உக்காரேன்,” என்றார் அப்பா.

“இதோப்பா. ஆயிடும்.”

திரும்பிப் பார்த்தாள். போர்வைக்குள் அம்மாவின் கால் எதையோ மிதிப்பதுபோல மெல்ல அமுங்கி மீண்டது. ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அம்மா. பழகுபவர்களுக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கை நம்பி ஆயுசைக் கழித்தவள்.

“யாரோ குறுக்க வந்துட்டாங்க போல,” என்றார் அப்பா, அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே.

அம்மாவின் உதடு அசைந்தது. அப்பா குனிந்து கேட்டார்.

“என்னப்பா சொல்றாங்க?”

“அவசரப்படாத, ரோடு எங்கயும் ஓடிடாதுன்னு சொல்றா. உன்னையா, வேற யாரையாவதா, தெரியல.”

பெரியவள் எழுந்திருக்கப் பார்த்தாள். “அக்கா, லைன்ல இருக்கியா?” என்றது காதில் குரல். உட்கார்ந்தாள்.

“கடைசி வரிய விடு. மேல இருந்து ஒவ்வொண்ணாப் படி.”

படித்தாள். பாதியில் ஓர் இடத்தில், “நில்லு நில்லு, அத மறுபடி படி,” என்றான்.

“செர்ட்டிஃபிகேட் இஸ் நாட் யெட் வேலிட்.”

“இன்னும் செல்லாதா? காலைலதானே போட்டுக் குடுத்தாங்க. அக்கா, திரை மூலைல தேதி என்ன இருக்கு?”

பல வருடத்துக்கு முந்திய ஒரு ஜனவரி அங்கே இருந்தது. மேசையை நகர்த்தும்போது பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். பெட்டிக்குள் கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். இன்று காலை கொடுத்த அனுமதி, பெட்டியின் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை.

“அவ்வளவுதான் விஷயம்,” என்றான். குரலில் உயிர் வந்துவிட்டது. “தேதிய மாத்தினா போதும். சொல்றேன், அடி. முதல்ல வருஷம். ஒரு கோடு. மாசம்...”

அடித்துக்கொண்டிருக்கும்போதே அறையில் ஏதோ ஒரு சத்தம் குறைந்தது போலிருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடிவருவது அவளுக்குப் பழகியிருந்தது. இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்து, நேரத்தையும் அடித்து முடித்து என்டரைத் தட்டினாள். பிறகு இணைப்பைத் தொடங்கினாள். வரிகள் மளமளவென்று ஓடி, ஒரு சின்னப் பச்சைப் பூட்டு எழுந்தது.

“வந்துடுச்சுடா.”

திரும்பினாள். அவர் தன் உள்ளங்கையை அம்மாவின் கண்கள்மேல் வைத்திருந்தார். அவளைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார்.

திரையில் சின்னவனின் முகம் திறந்தது. தலையை நனைத்து வாரியிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. நெற்றியில் தலைக்கவசம் அழுத்திய தடம்.

“உன்ன நல்லாத் தெரியுதுக்கா. அம்மாவக் காட்டு.”

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள். “தம்பி, இப்பத்தான்டா.”

“இப்பன்னா?”

“நீ தேதி சொல்லிட்டிருந்தியே, அப்ப.”

அவன் சட்டைக் காலரைத் தொட்டான். பொத்தானைத் தொட்டான். “பக்கத்துல யாரு இருந்தா?” என்றான்.

“அப்பா.”

அவள் கேமராவை எடுத்து அம்மா பக்கம் திருப்பப் பார்த்தாள்.

கேமராவின் ஒயர் கட்டில்வரை எட்டவில்லை. அப்பா எழுந்து வந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்தார். எந்த ஒயரும் கழன்றுவிடாதபடி, இருவரும் மேசையையே மெல்லத் திருப்பி வைத்தார்கள்.

“தெரியுதா?” என்றார் அப்பா.

“தெரியுதுப்பா.” பிறகு, “அக்கா, நீ போய் அம்மா பக்கத்துல உக்காரு. நான் இங்கயேதான் இருப்பேன்.”

அவள் போய்க் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டுத் திரை பாதி வெளுத்துத் தெரிந்தது. அதில் தம்பி அசையாமல் இருந்தான். படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தாள். அப்போது அவன் கண்ணிமைத்தான்.