சாக்குத் தையலில் ஏழு புள்ளிகள்

கல்மண்டபத்தில் ராசையாவின் கம்பு மண்டிக்கென்று ஒரு பெயர் உண்டு. பூச்சி என்று சொல்லி நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு மூட்டையும் திரும்பி வந்ததில்லை. அப்பா சம்பாதித்த பெயர் அது. வேட்டியில் கறை படாமல் பார்ப்பதுபோல ராசையா அதைப் பார்த்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, எதிரே மொத்தமாகக் கம்பு எடுக்கும் ஹுமாயூன் டீ குடித்துக்கொண்டிருக்கையில், சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று பறந்து வந்து தராசுத் தட்டில் உட்கார்ந்தது. ராசையா யோசிக்கவில்லை. உள்ளங்கையால் மூடிவிட்டார்.

“இன்னா அண்ணாச்சி, தராசு எங்க ஓடிடப் போவுது? இப்டி அமுக்கிகினு கீற?”

“ஒண்ணுமில்ல. ஆடுது.”

“சனிக்கிழமை அறுவது மூட்டை, மறந்துடாத. டோல்கேட் பக்கம் கூழ் ஊத்துற கோயிலுக்கெல்லாம் நான்தான் குடுக்கறேன். உன் கம்புன்னா கண்ண மூடிகினு எடுப்பேன்.”

அவன் போனதும் கையைத் திறந்தார். உள்ளங்கையில் இறக்கைத் தூள். கண்ணுக்குத் தெரிவது ஒன்றென்றால் தெரியாத முட்டை எத்தனை? கோயில் அண்டாவில், கொதிக்கிற கூழில், ஒரு புழு மிதந்தால்?

மண்டிக்கு மேலேதான் வீடு. மாடிப்படிச் சுவரில் இன்னொரு அந்துப்பூச்சி இருந்தது. அதற்கும் மேலே இன்னொன்று. படி ஏறிப்போய் நின்ற இடம் மருமகள் மகிமாவின் வேலை அறை. விவசாயிகளுக்கு ஏதோ செய்துகொடுக்கிறாள் என்ற அளவில் தெரியும். மருமகள் அறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. இன்று கதவைத் தள்ளினார்.

வரிசையாகப் பிளாஸ்டிக் பேசின்கள். வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. ஒன்றில் கட்டு நழுவி, உள்ளே உடைத்த கம்பில் புழுக்கள் நெளிந்தன.

“மாமா, அது வந்து...” மகிமா எழுந்தாள். “பெரம்பலூர்ல மக்காச்சோளத்த படைப்புழு தின்னு அழிக்குது. கடல் தாண்டி வந்த புழு. அதோட முட்டைக்குள்ள தன் முட்டைய வைக்கிற குளவி நம்ம மண்ணுலயே இருக்கு. அந்தக் குளவிய வளக்க அந்துப்பூச்சி முட்டை வேணும்.”

“அதுக்கு என் வீட்லயா பூச்சி வளக்குத? என் கம்புலயா?”

அவள் தலைகுனிந்தாள். “கட்டு நழுவுனத கவனிக்கல. தப்பு என்மேலதான்.”

மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி மருந்து வைத்துவிடலாம். ஆனால் தார்ப்பாயைப் பார்த்ததும் தெரு கேட்கும், ராசையா மண்டியில் பூச்சியா என்று.

“குளவியவே கீழ மண்டியில விடலாம் மாமா. முட்டை இருந்தா தேடிப் போயிரும். குளவி முட்டை வச்சா நாலு நாள்ல அந்த அந்துப்பூச்சி முட்டை கறுத்துரும்.”

“யாருக்கும் தெரியாதுல்லா?”

“ஒரு குளவி கடுகுல பத்துல ஒண்ணுகூட இருக்காது. தெரியாது.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒத்துக்கொண்டார்.

குளவி பொரிக்கும் அட்டைத் துண்டுகளை மூட்டை அடுக்குகளுக்கு நடுவே மகிமா தொங்கவிட்டாள். அதன்பின் ராசையாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஈ பறந்தாலும் எழுந்து நின்றார். பக்கத்துக் கடையில் நாலு பேர் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று காது கூசியது. சாக்கை உதறிய ஆளிடம், “மெதுவா!” என்று கத்திவிட்டு, அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மகிமா பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு சாக்காகக் குனிந்து பார்த்தாள். ராசையா பின்னாலேயே நடந்தார். மூலை மூட்டையில் அவள் நின்றாள்.

“மாமா.”

தையல் ஓரத்தில் ஏழு புள்ளிகள். மிளகுத் தூள் சிந்தியதுபோல, கன்னங்கறுப்பு.

“குளவி முந்திக்கிருச்சு. இதுல இனி புழு வராது.”

“மூட்டைக்கு உள்ள?”

“ஆழத்துல குளவி போகாது. சொல்ல முடியாது மாமா.”

வாசலில் ஹுமாயூனின் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. அந்த ஒரு மூட்டையை இழுத்து ஒதுக்கினால் போதும், யாருக்கும் தெரியாது. ராசையா சாக்கின் காதைப் பிடித்தும் விட்டார். இழுக்கக் கை வரவில்லை.

“இன்னா அண்ணாச்சி, மூஞ்சியே செரியில்ல?” என்று ஹுமாயூன் உள்ளே வந்தான்.

ராசையா மகிமாவிடமிருந்து பூதக்கண்ணாடியை வாங்கி அவன் கையில் கொடுத்தார். “ஹுமாயூன், என் மண்டியில பூச்சி இருக்கு.”

தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. ஹுமாயூன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். அவன் நிமிர்வதற்குள் ராசையா நாற்பத்திரண்டு வருஷத்தையும் இழந்து முடித்திருந்தார்.

“இத்த சொல்லாம ஏத்தி வுட்டிருந்தா, ஒரு வாரம் கழிச்சி கோயில்காரங்க என்னைய ஒதச்சிருப்பாங்க,” என்றான் ஹுமாயூன். பிறகு குரலைத் தாழ்த்தினான். “எல்லாத்தயும் சலிச்சி வெயில்ல போடணும். பின்னால காலி எடம் கீதில்ல? அங்க பண்ணிக்கலாம். வாசல்ல போட்டா தெரு பாக்கும்.”

ராசையா உள்ளே போய், மடித்து வைத்திருந்த தார்ப்பாயை எடுத்து வந்தார்.

“வேண்டாம்,” என்று அதை வாசலில், நடைபாதைவரை விரித்தார். “இங்கயே கொட்டுங்க.”