பதினோரு பார்

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் ஹென்னிங் ஸ்ட்ரூபெ ஒரே இடத்தில் மூன்று முறை தப்பாக வாசித்தான். அவன் தப்பாக வாசிக்கிற ஆளே இல்லை. பதினான்கு வருடமாக எங்கள் நகர இசைக்குழுவில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிக்கிறான். அதிர்ந்து பேச மாட்டான். இடைவேளையில் ஓரமாக உட்கார்ந்து, ஈரல் பசை தடவிய ரொட்டியைத் தின்றுவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிடுவான். வாசிப்பவர்களுக்கான இசைத்தாள்களை அடுக்கி, திருத்தி, பார் என்கிற தாளக்கட்டங்களுக்கு எண் போட்டு, ஸ்டாண்டில் வைப்பது என் வேலை. அதனால் ஒத்திகையின்போது பக்கக் கதவோரமாகவே நிற்பேன்.

இசைநடத்துனர் கிளெமென்ஸ் பௌட் குச்சியால் தட்டி நிறுத்தினார்.

"வயோலா, நூத்தி ஐம்பத்து மூணாவது பார். யாரோ கடைசி ஸ்வரத்துல அரைப்படி மேல போறீங்க. தாள்ல இருக்கறத வாசிச்சா போதும்."

"தாள்ல இருக்கறதுதான் தப்பு," என்றான் ஹென்னிங்.

பின்னாலிருந்த டிராம்போன்காரர்கள் சிரித்துவிட்டார்கள். "பாருடா, வயோலாக்காரன் எழுதினவங்களுக்கே பாடம் எடுக்கறான்!"

எழுதியவர் ஏழாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஆல்முட் கிரேவெ. ஐம்பத்தெட்டு வயது. பக்கத்து நகரத்து இசைக்கல்லூரியில் இருபத்தைந்து வருடமாக இசையமைப்பு சொல்லிக்கொடுப்பவர். அவர் வகுப்பில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நுழைவுத் தேர்வில் நாலு பார் பார்த்துவிட்டு ஃபைலை மூடிவிடுவார் என்று பெயர். எங்கள் குழுவின் நூற்றைம்பதாவது ஆண்டுக்காக இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒரு படைப்பு எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை முதல் அரங்கேற்றம். வானொலியில் நேரடி ஒலிபரப்பு வேறு.

அவர் எழுந்து நின்றார். "நான் எழுதினது சரிதான். அரைப்படி கீழதான் வரணும்."

"தெரியும், புரொஃபஸர். அப்பவும் நீங்க அதத்தான் சொன்னீங்க."

அவருக்குப் புரியவில்லை. கிளெமென்ஸுக்கும் புரியவில்லை. அதற்குள் மணி ஒன்று ஆகிவிட்டது. எங்கள் குழுவில் ஒன்று என்றால் ஒன்றுதான். எண்பத்திரண்டு பேரும் வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

கால் மணி நேரத்தில் ஹென்னிங் என் அறைக்கு வந்தான். கையில் ஒரு சாம்பல்நிற ஃபைல்.

"ரொஸ்விதா, இத அவங்ககிட்ட குடுத்துடு."

"உனக்கு வாய் இல்லையா? நீயே குடேன்."

"என்னால முடியாது. ஏற்கனவே ஒரு தடவ குடுத்திருக்கேன்."

என் மடியில் வைத்துவிட்டான். ஃபைலைத் திறந்தேன். மூன்று தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய ஒரு சின்னப் படைப்பு. தேதி பத்தொன்பது வருடத்துக்கு முந்தையது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் வயோலாவுக்கு ஒரு மெட்டு இருந்தது. நான் கிரேவெயின் வயோலா தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டேன். பதினோரு பார். ஒன்றுவிடாமல் அதே. கடைசி ஸ்வரம் மட்டும் இங்கே அரைப்படி மேலே இருந்தது. அதைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டு, "கீழே இறங்கினால்?" என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தின் அடியில் இன்னொரு வரி: "போதாது. ஆ. கிரேவெ."

மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

"திருடிட்டாங்களா?"

"தெரியல. ரெண்டு வாரமா, தாள் கைக்கு வந்த நாள்லேருந்து, அதுதான் என்னைத் தூங்க விடல," என்றான். "அவங்க நுழைவுப் பரீட்சைக்கு இதக் குடுத்ததுக்கு அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதினதில்ல, ரொஸ்விதா."

புதன்கிழமை காலை ஃபைலோடு கிளெமென்ஸின் அறைக்குப் போனேன். அவரும் கிரேவெயும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேசைமேல் அப்படியே வைத்துவிட்டேன்.

கிரேவெ முதல் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். ரொம்ப நேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவே இல்லை. அவர் கழுத்தில் சிவப்புத் திட்டுகள் ஏறுவதைப் பார்த்தேன்.

"இது என் கையெழுத்து," என்றார் கடைசியில்.

கிளெமென்ஸ் எட்டிப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "இதப் பாத்தவங்க யாரு யாரு?"

"நான். ஹென்னிங். இப்ப நீங்க ரெண்டு பேரு."

"நல்லது. அப்படியே இருக்கட்டும். ஆல்முட், மனசுல எங்கயோ தங்கினது வெளிய வந்திருக்கு. யாருக்கும் நடக்கறதுதான். இருபத்திரண்டு நிமிஷத்துல அரை நிமிஷம்! வேணும்னா அந்த இடத்த வெட்டிடலாம்."

"அத வெட்டினா மிச்சம் எதுவும் நிக்காது, கிளெமென்ஸ். மொத்தமும் அதுலேருந்துதான் முளைச்சுது." அவர் குரல் உடைந்திருந்தது. "போன வருஷம் மார்ச் மாசம், டிராம்ல வரும்போது வந்துச்சு அந்த மெட்டு. அழுதுட்டேன். இத்தன வயசுக்கு மேல எனக்கு இப்படி ஒண்ணு கிடைக்குதேன்னு அழுதேன்."

"அவன் வாய் திறக்க மாட்டான். பதினாலு வருஷமா திறந்தானா? நாளன்னிக்கு ரேடியோ இருக்கு. இப்ப போய் இதச் சொன்னா உங்க பேரு, காலேஜ், எங்க விழா, எல்லாம் போச்சு."

கிரேவெ என் பக்கம் திரும்பினார். "அவர் பேரு என்ன சொன்னீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. மெட்டு பத்தொன்பது வருடம் அவருக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. அதை எழுதியவனின் முகமோ பெயரோ ஒரு நாள்கூட இருக்கவில்லை. அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். நான் பெயரைச் சொன்னதும் கண்களை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை கடைசி ஒத்திகை. வானொலிக்காரர்கள் மேடை முழுக்கக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கிளெமென்ஸ் குச்சியைத் தூக்கப்போன நேரத்தில் கிரேவெ மேடைப் படி ஏறி வந்தார். என்ன செய்யப்போகிறார் என்று கிளெமென்ஸுக்கும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் கிரேவெ. "நூத்தி நாப்பத்து மூணாவது பார்லேருந்து பதினோரு பார் நான் எழுதினது இல்ல. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி ஹென்னிங் ஸ்ட்ரூபெ எழுதினது. நுழைவுத் தேர்வுக்கு என்கிட்ட குடுத்தார். நான் வேண்டாம்னு அனுப்பிட்டேன். அப்புறம் எனக்கே தெரியாம என்னோடதுன்னு எழுதியிருக்கேன். தெரியாதுங்கறத நீங்க நம்பணும்னு நான் கேக்கல."

எல்லாத் தலைகளும் வயோலா வரிசை பக்கம் திரும்பின. ஹென்னிங் எழுந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"உங்கள யாரு சொல்லச் சொன்னா?"

"நான்..."

"யாரு சொல்லச் சொன்னாங்கறேன்! நான் அந்தப் பரீட்சைக்குப் போனது என் பொண்டாட்டிக்கே தெரியாது. இப்ப இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும், கேபிள் இழுக்கறவனுக்கும் தெரியும், நான் தேறாதவன்னு. முதல்ல மெட்ட எடுத்தீங்க. இப்ப இதையும் என்னைக் கேக்காமலே எடுத்துக்கிட்டீங்க. எல்லாமே உங்க இஷ்டந்தானா?"

கிரேவெ ஒரு அடி பின்வாங்கினார். இப்படி ஒன்று வரும் என்று அவர் யோசித்தே இருக்கவில்லை. கிளெமென்ஸ் "இடைவேளை" என்று ஆரம்பித்தார். யாரும் அசையவில்லை.

"நிறுத்தணும்னா சொல்லுங்க," என்றார் கிரேவெ. "தாள எல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிடறேன். நாளைக்கு வேற எதையாவது வாசிக்கட்டும்."

ஹென்னிங் வாத்தியத்தைத் தாழ்த்தினான். வில்லை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தான். உடைத்துவிடுவானோ என்று பயந்தேன். அவன் தலையாட்டினால் ஒன்றரை வருட உழைப்பு போய்விடும். ஆட்டிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"அந்தக் கடைசி ஸ்வரம்," என்றான். "அது ஏன் கீழ வரணும்?"

"கீழ வந்தா முடிஞ்ச மாதிரி இருக்கும்னு..."

"அது முடியக் கூடாது. அதுக்குத்தான் மேல வெச்சேன்."

கிரேவெயின் உதடு அசைந்தது, மனசுக்குள் பாடிப் பார்த்தார் போல. "ஆமா," என்றார். "நான் அப்ப சரியாக் கேக்கல."

"மாத்துங்க. என் பேரப் போடுங்க. பின்குறிப்புல பொடி எழுத்துல இல்ல. உங்க பேருக்கு அடுத்த வரியில, அதே அளவுல. அப்புறம் வாசிக்கலாம்." உட்கார்ந்துவிட்டான்.

பத்து வயோலா தாள்களில் நான் வெள்ளை மையால் மறைத்து, அந்த ஸ்வரத்தை மேலே ஏற்றினேன். நிகழ்ச்சிப் புத்தகம் ஏற்கனவே அச்சாகி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அறுநூறு துண்டுச் சீட்டு வெட்டி ஒவ்வொன்றாகச் செருகினேன். ஸ்ட்ரூபெ என்ற பெயரை எழுத்துக்கூட்டி நாலு முறை சரிபார்த்தேன்.

மாலை ஏழரைக்குச் சுருதி சேர்க்கும்போது அவன் நாற்காலி காலியாக இருந்தது. வானொலி அறிவிப்பாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விரலால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். கிளெமென்ஸ் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் நடைபாதையில் ஓடினேன். ஹென்னிங் அப்போதுதான் மனைவியோடு படியேறி வந்துகொண்டிருந்தான். அந்தப் பெண்ணின் கண்கள் வீங்கியிருந்தன.

"சொல்லிட்டியா?" என்றேன்.

"கார்லயே சொன்னேன். வழியில வண்டிய நிறுத்த வேண்டியதாப் போச்சு." வாத்தியத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அந்தப் பதினோரு பாரை அவர்கள் வாசித்தபோது நான் கதவோரம் நின்றிருந்தேன். கடைசி ஸ்வரம் மேலே போய் அங்கேயே நின்றது, இறங்க மறுப்பதுபோல. முடிந்ததும் கைதட்டல் பலமாக இருந்தது. கிரேவெ மேடைக்கு வந்து அவனை நோக்கிக் கை நீட்டினார். ஹென்னிங் எழவில்லை. பக்கத்து நாற்காலி வயோலாக்காரி முழங்கையால் இடித்த பிறகு பாதி எழுந்து உட்கார்ந்தான். அவருடன் கை குலுக்கவில்லை. அதற்குப் பிறகும் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

கிளெமென்ஸ் பயந்ததில் பாதி நடந்தது. ஒரு செய்தித்தாள் 'மாணவனின் மெட்டு' என்று பெரிதாகப் போட்டது. ஒரு ஓபரா அரங்கம் கிரேவெக்குத் தந்திருந்த வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கல்லூரி மூன்று மாதம் விசாரித்து ஒரு கண்டனக் கடிதத்தோடு விட்டது. தேர்வுக் குழுவிலிருந்து அவரே விலகினார். வகுப்பை விடவில்லை. ஹென்னிங்கிடம் இரண்டு பேர் வந்து புதிதாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். "நான் வயோலாக்காரன். அத எழுதின பையன எனக்கே இப்ப தெரியாது," என்று அனுப்பிவிட்டான்.

பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. கிரேவெயால் எழுத முடியவில்லை. எந்த மெட்டு வந்தாலும், இது யாருடையது என்ற பயமும் கூடவே வந்தது. எத்தனையோ படைப்புகளின் தாள் என் கையைத் தாண்டிப் போயிருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு போன் செய்வார். "ரொஸ்விதா, இதக் கேளுங்க. எங்கயாவது கேட்டிருக்கீங்களா?" என்று முனகிக் காட்டுவார். "இல்லையே" என்பேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். அடுத்த வாரம் அதைத் தூக்கிப் போட்டிருப்பார். இரண்டு வருடம் இப்படியே போனது.

பிறகு ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நானே கூப்பிட்டேன். உடம்புக்கு ஏதாவதோ என்று பயம்.

"எழுதிக்கிட்டிருக்கேன்," என்றார்.

"பாடிக் காட்டுங்க, கேக்கறேன்."

"வேண்டாம். நீங்க இல்லன்னு சொன்னாலும் எனக்குப் பயம் போகப்போறதில்ல. பயந்துக்கிட்டே எழுதறேன்."

இந்த ஜனவரியில் அவருடைய புதுப் படைப்பின் தாள்கள் வந்து சேர்ந்தன. ஒன்பது நிமிடம், காற்று வாத்தியங்களுக்கு மட்டும், வயோலாவே இல்லை. திங்கட்கிழமை காலை ஸ்டாண்டுகளில் வைத்தேன்.