தொரைத் தொட்டியில் கிடந்தது

நுஹ்மான் ஒருவரையும் நம்பமாட்டார். தராசை நம்பமாட்டார், தராசு பிடிக்கிறவனையும் நம்பமாட்டார். மிளகுச் சாக்கின் வாயைத் தன் கையால்தான் கட்டுவார். அந்த முடிச்சு அவருக்கு மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்ட மனிதர், தோட்டத்துத் தொட்டியில் பன்றி ஒன்று செத்துக் கிடக்கிறது என்று மகள் றமீஸா வந்து சொன்னபோது போய்ப் பார்க்கவில்லை. சொன்னதை அப்படியே நம்பினார்.

நம்பாமல் என்ன செய்வது? அவருடைய தோட்டம் உக்குவளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறுகிற பாதையில், காட்டின் காலடியில் இருந்தது. மரவள்ளியைக் கிண்டிப் போடப் பன்றிகள் இறங்காத நாள் இல்லை. தோட்டத்தின் மேற்கோடியில் கூரை விழுந்த பழைய பங்களா ஒன்று. அதற்குப் பின்னால், வெள்ளைக்காரத் துரை நீந்துவதற்குக் கட்டிய சீமெந்துத் தொட்டி. துரை போன பிறகு அதில் தவளைதான் நீந்தியது. படிகள் இடிந்து விழுந்துவிட்டன. தண்ணீர் பாதிக்கு இறங்கி, மேலே பச்சைப் போர்வையாகப் பாசி மூடிவிட்டது. ஊரில் அதற்குத் தொரைத் தொட்டி என்று பெயர். மூடிவிடுங்கள் வாப்பா என்று றமீஸா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். மண் கொண்டுவருகிறவன் பாதி லோடைத்தான் கொட்டுவான் என்று சொல்லியே அவர் மூடாமல் விட்டார்.

பாசிக்கு நடுவே கறுப்பாக ஒரு முதுகு. றமீஸா தூரத்திலிருந்து பார்த்தது அவ்வளவுதான். பன்றி என்றால் முஸ்லிம் வீட்டில் யார் கிட்டப் போய் முகம் பார்ப்பது? அதன் ஈரம் பட்டாலே ஏழு தண்ணீர் கழுவ வேண்டும். அதில் ஒரு தண்ணீரில் மண் கலந்திருக்க வேண்டும். ஆகவே ஒருவரும் பார்க்கவில்லை. கீழே இருந்த நாலு வீட்டுக்காரரும் பார்க்கவில்லை. எல்லோரும் பன்றி என்றார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

நாற்றம் வீட்டுக்குள் வந்த அன்று நுஹ்மான் குடையை எடுத்துக்கொண்டு ராசையாவைத் தேடிப் போனார்.

அதுதான் அவருக்குக் கசப்பு. செத்த பன்றியைத் தூக்க அந்தப் பக்கத்தில் ராசையாவை விட்டால் ஆள் கிடையாது. ராசையா மேல்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருக்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் அறுக்கவென்று நுஹ்மான் வளர்த்த கெடா காணாமல் போனது. கயிறு அறுந்து கிடந்தது, ஆட்டைக் காணவில்லை. ராசையாதான் தின்றான் என்று நுஹ்மான் தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொன்னார். சொன்னதை ஊர் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ராசையாவுக்கு எந்தத் தோட்டத்திலும் கராம்பு பறிக்க வேலை கிடைக்கவில்லை. இருவருக்கும் பேச்சும் இல்லை.

லயத்து வாசலில் ராசையா மம்பட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற பழைய வழக்கத்திலேயே அழைத்தார்.

"வாங்க நானா. இந்தத் தடவ என்னா காணாமப் போச்சு? மாடா?"

"ஒண்டும் காணாமப் போகல்ல. தொட்டியில பண்டி ஒண்டு செத்து ஈக்குது. எடுத்துப் போட ஏலுமா, ஏலாதா?"

"கெடா திருடன் வந்தா வூட்டுல மிச்ச சாமான் பத்திரமா இருக்குமா?"

"நான் பக்கத்திலதான் நிப்பேன்."

"அப்ப சரி," என்று ராசையா எழுந்தார். "நீங்க காவலுக்கு இருந்தா எனக்கும் பயம் இல்ல."

அலவாங்கையும் மம்பட்டியையும் ஒரு பழஞ்சாக்கையும் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நுஹ்மான் வீட்டிலிருந்து ஒரு தாச்சிச் சட்டி நிறையச் சுத்தமான மண்ணும், வாளியில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். ஒரு துளி தெறித்தாலும் அங்கேயே கழுவிவிட வேண்டும். தொட்டிக்குக் காற்று மேலாக, ஒரு சாதிக்காய் மரத்தடியில் தாச்சியை வைத்துவிட்டு நின்றார். அங்கிருந்து தொட்டியின் விளிம்புதான் தெரிந்தது, உள்ளே தெரியவில்லை.

ராசையா எட்டிப் பார்த்தார். "ஊதிப் போய்க் கெடக்கு. கொக்கி போட்டு இழுத்தா வயிறு வெடிச்சிரும். தண்ணிய வுட்டுட்டு அப்புறம் பாப்போம்."

"எப்பிடி வுடுவ?"

"எங்கப்பா இந்தத் தொட்டியக் கழுவுனவரு. அடைப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

தெரியாதது என்ன இருக்கிறது இவனுக்கு, என் தோட்டத்தில் என்று நுஹ்மான் நினைத்தார்.

சரிவில் இறங்கி, வெளிச்சுவரின் அடியில் புதரை வெட்டி, ராசையா அலவாங்கால் குத்தினார். துரு உதிர்ந்தது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம். தண்ணீர் கறுப்பாகக் கான் வாய்க்காலில் பாய்ந்தது. தவளைகள் குழம்பிக் கத்தின. ராசையா மேலே வந்து விளிம்பில் குந்திக்கொண்டு, பீடி ஒன்றைப் பற்றவைத்தார். தண்ணீர் இறங்க நேரம் எடுத்தது. வெயில் மரங்களுக்கு மேல் ஏறித் தொட்டிக்குள் விழத் தொடங்கியது.

ராசையாவின் கையில் பீடி அணைந்துவிட்டது. அவர் அதைத் திரும்பப் பற்றவைக்கவில்லை. குனிந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நானா, இங்கிட்டு வாங்க."

"நான் என்னத்துக்கு?"

"வாங்க. பன்னி இல்ல."

நுஹ்மான் அசையவில்லை. கெடாவுக்குப் பழி தீர்க்கிறான். கிட்டே கூப்பிட்டுத் தண்ணீரைத் தெறிக்க வைப்பான் என்று எண்ணினார். "பண்டி இல்லாட்டி என்ன? நாயா?"

"நானா, பன்னிக்கு இம்புட்டு நீளம் வால் இருக்குமா?"

அவர் குரலில் கேலி இல்லை. அதனால்தான் நுஹ்மான் போனார். தோள் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு விளிம்புக்குப் போய்க் குனிந்தார்.

முதலில் வாலைத்தான் கண்டார். சேற்றில் வளைந்து கிடந்தது. பிறகு பாதம். தன்னுடைய உள்ளங்கையை வைத்தாலும் அது மூடாது. பிறகு தோள், கழுத்து, ஒரு பக்கம் சாய்ந்த பெரிய தலை. வயிறு ஊதியிருந்தது, ஈ மொய்த்தது, நாற்றம் அடித்தது. இருந்தும் அதைப் பிணம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சிறுத்தை. தலையிலிருந்து வால் நுனி வரை கறுத்த சிறுத்தை.

"கலு கொட்டியா," என்றார் ராசையா, சிங்களத்தில், மெதுவாக. "எங்கப்பா ஒருவாட்டி கண்டேன்னு சொன்னாரு. கள்ளு வெறின்னு சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன்."

வெயில் நேராக அதன் விலாவில் விழுந்தது. ஈரம் உலர உலர, அந்தக் கறுப்புக்குள்ளே இன்னொரு கறுப்பு எழுந்து வந்தது. பூப்பூவாக. றமீஸாவின் கறுப்பு அபாயா அங்கியில் கறுப்பு நூலால் போட்ட பூ வேலை வெயிலில் நின்றால் மட்டும் தெரியும். அதைப் போல உடம்பு முழுக்கப் பூ. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் அப்படி ஒரு வேலை செய்து, படைத்தவன் அதைக் காட்டுக்குள் விட்டிருக்கிறான்.

"ஸுப்ஹானல்லாஹ்," என்றார் நுஹ்மான்.

தொழுகை முடிந்தால் விரலை மடக்கி மடக்கிச் சொல்கிற சொல்தான் அது. அன்று விரல் மடங்கவில்லை.

"சுவத்தப் பாருங்க," என்றார் ராசையா.

சுவரில் பிடித்திருந்த பச்சைப் பாசி முழுவதும் கீறிக் கிடந்தது. நாலு நாலாக வெள்ளைக் கோடுகள். ஒரு பக்கம் இல்லை, நாலு பக்கமும். நீந்திச் சுற்றியிருக்கிறது. ஏறப் பார்த்து வழுக்கி, திரும்பச் சுற்றியிருக்கிறது. ஆழமான மூலையில் ஒரு கீறல் மற்றதையெல்லாம் விட உயரத்தில் இருந்தது. அதற்கு மேல் விளிம்புக்கு ஒரு சாண்தான் மிச்சம்.

வாய் சற்றுத் திறந்திருந்தது. மேற்பல் ஒன்று முறிந்து மழுங்கியிருந்தது. ஒரு காது கிழிந்து ஆறியிருந்தது. வயது போன சீவன். இத்தனை காலமும் தலைக்கு மேலே இந்தக் காட்டில் இருந்திருக்கிறது. பாக்கு விழுந்தாலும் திருடன் என்று எழும்பி டோர்ச் அடிக்கிற தன் கண்ணில் ஒரு நாள்கூடப் படாமல் இருந்திருக்கிறது.

பிறகுதான் கெடாவின் ஞாபகம் வந்தது. அவர் ராசையாவைப் பார்த்தார். ராசையா அவரைப் பார்க்காமல், "என் வயித்த விடப் பெரிய வயிறுதான் நானா," என்றார்.

நுஹ்மான் பார்வையைத் திருப்பி மறுபடி அந்த முறிந்த பல்லைப் பார்த்தார்.

"வனசீவி ஆபீஸ் ஆளுங்களுக்குச் சொல்லுவமா?" என்று ராசையாதான் கேட்டார்.

"அவனுகள் வரமுன்னம் ஊர் வரும்," என்றார் நுஹ்மான். "அங்கிட்டுத் தோட்டத்தில சிறுத்த ஒண்டு கம்பியில மாட்டிச் செத்திச்சே, நீயும் பாத்தாய்தானே. ஆபீஸ் ஜீப் வந்து சேரக்குள்ள நகம் இல்ல, பல் இல்ல, மீசைகூட இல்ல. நாலு காலும் நாலு வீட்டுக்குப் போயிட்டிச்சி. பொறகு வந்தவனுகள் லயத்து ஆக்களத்தான் புடிச்சிக் கேட்டானுகள்."

"அது மெய்தான்."

"இதுல ஒருத்தன் கத்தி வைக்கப்படாது. இங்கேயே மண்ணப் போட்டு மூடிருவோம். ஒருத்தருக்கும் செல்லப்படாது."

ராசையா கையிலிருந்த துணியைச் சுருட்டி விரித்தார். "மூடலாம். ஆனா நானா, இது ஒண்ணுதான் எனக்குச் சாட்சி. இத மூடிட்டா கெடாவத் தின்னவன் நான்தான்."

அந்த நேரத்தில் கீழே மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது.

மருமகன் ஜவாஹிர். மாத்தளைப் பாதையில் வாசனைத் தோட்டக் கடை வைத்து வெள்ளைக்காரருக்குக் கறுவா எண்ணெய் விற்கிறவன். கடைச் சுவரில் மலைப்பாம்புத் தோல் தொங்கும். உள் அலுமாரியில் இன்னும் என்னென்னவோ இருக்கும். கண்டால் விடமாட்டான். பொழுது சாய்வதற்குள் நகம் கழற்றிவிடுவான்.

நுஹ்மான் ராசையாவைப் பார்த்தார். நுஹ்மானுடையது கெஞ்சத் தெரியாத முகம். அந்த நேரம் அது எப்படி மாறியது என்று அவருக்கே தெரியாது. ராசையா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தொட்டிக்குள் குதித்தார். ஓரத்தில் கிடந்த சாக்கை இழுத்துத் தலையையும் பாதங்களையும் மூடினார். வாலைச் சேற்றுக்குள் அமர்த்தினார். ஊதிய கறுப்பு வயிறு மட்டும் வெளியே தெரிந்தது.

ஜவாஹிர் கையில் போனோடு மேடேறி வந்தான். "என்ன மாமா, பெரிய பண்டியாமே. றமீஸா செல்லிச்சி. படம் ஒண்டு எடுக்கவா?"

"எடு," என்றார் நுஹ்மான். "வா, கிட்ட வா. தண்ணி எங்கேயும் தெறிச்சி ஈக்குது, பாத்து மிதி. கால்ல பட்டா ஏழு தண்ணி. அந்தச் சப்பாத்தையும் கழுவணும்."

ஜவாஹிர் நின்ற இடத்திலேயே நின்றான்.

"வாங்க தம்பி," என்று ராசையா உள்ளேயிருந்து கூப்பிட்டார். "பாரமா இருக்கு. ஒரு கை புடிச்சா தூக்கிரலாம்."

"சீ," என்று அவன் இரண்டடி பின்வைத்தான். "இதுக்குள்ளயா மூடப் போறீங்க, மாமா? நல்ல காணித் துண்டு."

"இதுக்குள்ளதான். பொறகு ஒருத்தரும் இதுல ஒரு கொத்து மண்ணும் வெட்டப்படாது. எண்ட மவுத்துக்குப் பொறகும்தான். றமீஸாக்கும் செல்லு."

"யாரு வெட்டுவாங்க ஹின்ஸீர் புதைச்ச எடத்த," என்று பன்றியை அறபுப் பெயரில் சொல்லிவிட்டு அவன் திரும்பினான்.

"ஜவாஹிர், நில்லு."

நின்றான்.

"தேத்தண்ணிக் கடையில போய்ச் செல்லு. எண்ட கெடாவ ராசையா எடுக்கல்ல."

"அப்ப ஆரு எடுத்த?"

"அது எனக்குத் தெரியும். நீ செல்லு. நுஹ்மான் செல்லச் சென்னான், அண்டைக்கு நுஹ்மான்தான் பொய் சென்னவன் எண்டு செல்லு."

"ரெண்டு வருஷத்துக்குப் பொறகா?"

"ரெண்டு வருஷத்துக்குப் பொறகுதான் தெரிஞ்ச. நீ போறியா, இல்லாட்டிக் கால் கழுவப் போறியா?"

போகிறபோது அவன் மேட்டில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். நுஹ்மான் உடனே தாச்சியருகில் குந்தி, வாளித் தண்ணீரில் மண்ணைக் குழைத்துக் கையைத் தேய்த்தார். பன்றியைத் தொட்டவன் எப்படிக் கழுவுவானோ அப்படி, ஒன்றையும் விடாமல் ஏழு தரமும் கழுவினார். மோட்டார்சைக்கிள் சத்தம் பாதையில் இறங்கி மறைந்தது.

ராசையா தொட்டிக்குள் நின்று மேலே பார்த்தார். "நல்லாத்தான் பொய் சொல்றீங்க நானா."

"கெடா விஷயம் பொய் இல்ல."

"அதத்தான் சொல்றேன்," என்றார் ராசையா. "ரெண்டையும் ஒரே மூஞ்சியோட சொல்றீங்க."

ராசையா சாக்கை எடுத்துவிட்டு, நுஹ்மான் நீட்டிய மம்பட்டிப் பிடியைப் பற்றி மேலே ஏறினார். மூடுமுன் இருவரும் இன்னொரு தரம் பார்த்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது, பூக்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. பங்களாவின் இடிந்த சுவர் மண்ணை ராசையா வெட்டி வெட்டித் தள்ளினார். நுஹ்மான் தாச்சியில் மிஞ்சிய சுத்தமான மண்ணை எடுத்துக்கொண்டு போய், கபுறில் போடுவது போல ஒரு பிடி போட்டார். இரண்டாம் பிடியும் போட்டார். மூன்றாவதில் கை நின்றது. மிருகத்துக்கு ஜனாஸா இல்லை, அது அவருக்குத் தெரியும். சற்று நின்றுவிட்டு அதையும் போட்டார். ராசையா அதைக் கண்டும் காணாதவராக மண் வெட்டினார்.

பிறகு வந்த நாட்களிலும் மண் கொட்டினார்கள், ஆனால் தொட்டி நிறைய மூடவில்லை. விளிம்புக்குக் கீழே ஒரு முழம் விட்டுவிட்டார்கள். ஆழமான மூலையில் அந்த உயரக் கீறல் மண்ணுக்கு மேலே தெரிந்தது.

இப்போது அதற்குப் பண்டிக் குழி என்று பெயர். அந்தப் பக்கம் ஒருவரும் போவதில்லை. கராம்புக் காலம் வந்தபோது ராசையாவுக்கு மூன்று தோட்டத்தில் வேலை கிடைத்தது; நுஹ்மானின் தோட்டத்தில்தான் முதலில் பறித்தார். சாக்கின் வாயை மட்டும் நுஹ்மான்தான் கட்டினார்.

சுபஹுத் தொழுகை முடிந்து வெயில் வந்ததும் நுஹ்மான் சில நாளில் அங்கே போவார். மூலையில் குந்தி, அந்தக் கீறலில் விரலை வைத்துப் பார்ப்பார். அவருடைய நாலு விரலுக்கும் அடங்காமல் அந்த நாலு கோடும் கீழே மண்ணுக்குள் இறங்கும்.

"அந்த நஜீஸ் குழியில என்ன வேல வாப்பா?" என்று றமீஸா திட்டுவாள். "கையக் கழுவிட்டு உள்ள வாங்க."

அவர் வாசலில் குந்தி, மண்ணைக் குழைத்து, ஏழு தரம் கழுவிவிட்டு உள்ளே போவார்.