ஸகரமும் ஷகரமும் நெருங்கியபோது

2019 மார்ச் 4, திங்கட்கிழமை, முற்பகல் பத்தேகால் மணிக்குப் பேச்சொலி ஆய்வகத்தின் பதிவறையில் நான் ஐம்பது ஆங்கிலச் சொற்களை வாசித்தேன். நம்மவர் பேசும் ஆங்கிலத்தில் ஸகரமும் ஷகரமும் ஒலியளவில் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை அளப்பது எங்கள் பணி. ஆண்டுக்கு ஒருமுறை என் குரலைப் பதிந்து கருவிகளைச் சரிபார்ப்பது பதினெட்டு ஆண்டு வழக்கம்.

ஸகரத்தின் இரைச்சல் உயர்ந்த அதிர்வெண்ணில் குவியும். ஷகரத்தினது தாழ்ந்து நிற்கும். நாக்கின் நுனி நிற்கும் இடமே இரண்டையும் பிரிப்பது. என் குரலில் இவ்விரண்டுக்கும் இடைவெளி ஒருபோதும் மூவாயிரம் ஹெர்ட்ஸுக்குக் குறைந்ததில்லை. அன்று ஆயிரத்து நூறு.

"மைக் மண்டையப் போட்டிருச்சும்மா," என்றார் ஒலிப்பதிவாளர். "இத வாங்கினப்ப என் தலையில முடி இருந்துச்சு."

"அப்ப நீங்க வாசிங்க."

வாசித்தார். அவருடைய இடைவெளி வழக்கம்போலவே இருந்தது. மைக்கை மாற்றி இருவரும் மறுபடி வாசித்தோம். என்னுடையது மட்டும் அதே ஆயிரத்து நூறு.

"தண்ணி குடிச்சுட்டு இன்னொரு தடவை பாக்கலாம்மா," என்றார், என் முகத்தைப் பாராமல்.

தசைகளை ஒவ்வொன்றாய் முடக்கும் நரம்பு நோய் என் அக்காவுக்கு நாக்கில்தான் தொடங்கியது. முதலில் நுனி மந்தமாயிற்று. பிறகு விழுங்க முடியவில்லை. இருபதாம் மாதம் மூச்சு நின்றது.

வீட்டில், சாப்பாட்டு மேசையருகே, தங்கையிடம் சொன்னேன்.

"பல்லு கட்டினியே, அதுதான் நாக்கோட மல்லுக்கு நிக்குது," என்றாள்.

"அது மூணு வருஷத்துக்கு முன்னாடி. போன வருஷம் அளவு சரியா இருந்துச்சு."

"நீ என்னைத் திட்டறது தெளிவாத்தான் கேக்குதுக்கா. ஒரு எழுத்துகூடக் குறையல."

"காதுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அளவுல தெரிஞ்சிடும்டி."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "பெரியக்காவுக்கு வந்ததுதானா இதுவும்?"

வாயிலிருந்த கவளம் இறங்கவில்லை. அச்சத்தாலா, தொண்டையாலா என்று பிரித்தறிய என்னிடம் கருவி இல்லை.

மார்ச் 11 அன்று நரம்பியல் மருத்துவர் என் நாக்கில் ஊசி செலுத்தித் தசையின் மின்னோட்டத்தைச் சோதித்தார். நோய் உறுதியாகவில்லை; ஐயமும் நீங்கவில்லை. மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிப்பதென முடிவாயிற்று. கருவிகளைச் சரிபார்க்க இனி ஒலிப்பதிவாளரின் குரல் பயன்படும். என் பதிவு திங்கட்கிழமைதோறும் தொடரும். அளவுகளை நான் பார்க்க மாட்டேன்; அவரிடமிருந்து தங்கை வாங்கி வைத்துக்கொள்வாள். நான் கேட்டால் மட்டும் சொல்வாள்.